உறைக்குள் வந்த பேட்டி

லண்டன் சோஹோ மார்க்கெட்டில் 'ராக் ஆன்' என்று ஓர் இசைத்தட்டுக் கடை இருந்தது. 1976 கோடையில் மார்க் பெர்ரி என்ற 19 வயது பேங்க் குமாஸ்தா அங்கே போய், ராமோன்ஸ் மாதிரியான பங்க் குழுக்களைப் பற்றி எழுதும் பத்திரிகை ஏதாவது உண்டா என்று விசாரித்தார். இல்லையப்பா, வேண்டுமானால் நீயே ஒன்று ஆரம்பி என்று கடையில் இருந்தவர்கள் கிண்டலடித்தார்களாம். அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னபடியே செய்துவிட்டார். குழந்தைகளின் டைப்ரைட்டரில் அடித்து, தலைப்புகளை ஸ்கெட்ச் பேனாவில் கிறுக்கி, ஜெராக்ஸ் எடுத்து, மூலையில் ஸ்டேப்ளர் போட்டு, ஜூலையில் 'ஸ்னிஃபின் க்ளூ' முதல் இதழ் வந்தது. சுமார் 50 பிரதிகள். மறு ஆண்டு 12 இதழ்களோடு அவரே அதை மூடியபோது ஆயிரக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது.

பங்க், ஹெவி மெட்டல் குழுக்களின் பேட்டிக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. நீளமான கேள்வி பதில். திட்டு, உளறல், எழுத்துப்பிழை எதையும் வெட்டாமல் அப்படியே போடுவது. அது பிறந்தது இந்த மாதிரிக் கைவேலைப் பத்திரிகைகளில்தான். சிற்றிதழ் நடத்திக் கைக்காசைத் தொலைத்தவர்கள் நம் ஊரிலும் உண்டு என்பதால் இவர்களைத் தமிழ் வாசகருக்குப் பெரிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பெர்ரிக்குச் சில மாதங்கள் முன்பே நியூயார்க்கில் இது தொடங்கிவிட்டது. 1975 கடைசியில் ஜான் ஹோம்ஸ்ட்ரம், லெக்ஸ் மெக்நீல், மேரி ஹாரன் மூவரும் ராமோன்ஸ் வாசிப்பதைக் கேட்க சி.பி.ஜி.பி. என்ற பாருக்குப் போனார்கள். கூட்டத்தில் லூ ரீட் உட்கார்ந்திருந்தார். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் பாடியவர். பத்திரிகைக்காரர்களைக் கண்டாலே கடித்துக் குதறுவார் என்று பேர் வாங்கியவர். ஒரு இதழ்கூட இன்னும் வெளிவராத பத்திரிகையின் பெயரைச் சொல்லிப் பேட்டி கேட்டார்கள். அவரும் பேசினார், அதாவது ஏசினார். ஹோம்ஸ்ட்ரம், ஹார்வி கர்ட்ஸ்மனிடமும் வில் ஐஸ்னரிடமும் காமிக்ஸ் பயின்றவர். அந்த ஏச்சையெல்லாம் சீர்படுத்தாமல், கையால் எழுதி, நடுநடுவே கார்ட்டூன் வரைந்து, 1976 ஜனவரியில் 'பங்க்' முதல் இதழில் அச்சிட்டார். அட்டையிலும் ரீட்தான், அதுவும் கார்ட்டூனாக. பேட்டி சொதப்பினால் அந்தச் சொதப்பலே பேட்டி என்ற துணிச்சல் அங்கே ஆரம்பித்தது என்பது என் கணிப்பு. மெக்நீல் 20 ஆண்டு கழித்து, கில்லியன் மெக்கெய்னுடன் சேர்ந்து, பங்க் காலத்தின் கதையை முழுக்க முழுக்கச் சம்பந்தப்பட்டவர்களின் பேச்சாலேயே கோத்து 'ப்ளீஸ் கில் மி' என்று புத்தகமாக்கினார். ஹாரன் சினிமாவுக்குப் போய் 'அமெரிக்கன் சைக்கோ' எடுத்தார்.

பெரிய பத்திரிகைகளில் பேட்டி என்றால் அதற்கொரு சடங்கு இருந்தது. ரெக்கார்டு கம்பெனி ஓட்டல் அறை பிடிக்கும், நேரம் ஒதுக்கும், நிருபர் வந்து போவார். கம்பெனியே இல்லாத குழுவுக்கு ஓட்டல் அறை ஏது? கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே கச்சேரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். பெர்ரியே 1977இல் 'ஆல்டர்னேட்டிவ் டிவி' என்று குழு தொடங்கினார். பின்னாளில் 'போக்ஸ்' குழுவால் புகழ்பெற்ற ஷேன் மெக்கவனும் 1976இல் 'பாண்டேஜ்' என்று ஒரு ஜெராக்ஸ் பத்திரிகை போட்டவர்தான். மூன்று கிடார் கோர்டுகளை வரைந்து, போய்க் குழு ஆரம்பி என்று சொன்ன பிரபலமான படத்தைப் பலரும் 'ஸ்னிஃபின் க்ளூ' கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது 'சைட்பர்ன்ஸ்' என்ற இன்னொரு பத்திரிகையில் வந்தது. கடன் உரியவருக்குச் சேரட்டும்.

பங்க் பேட்டிக்கு ஒரு டேப் ரெக்கார்டரும் மேடையின் பின்பக்கமும் போதும். மெட்டலின் பாடு வேறு. ஒரு குழு ஸ்வீடனில், அதைக் கேட்கத் துடிக்கும் இருபது பேர் பிரேசிலில். வெளிநாட்டு போன் பள்ளிக்கூடப் பையனுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே 1980களில் அண்டர்கிரவுண்ட் மெட்டலின் பேட்டி பெரும்பாலும் தபாலில் நடந்தது. ஒரு தாளில் வரிசை எண் போட்டுப் பத்துப் பதினைந்து கேள்விகள். கூடவே பதில் தபாலுக்கு சர்வதேச மறுமொழிக் கூப்பன், அல்லது கார்பன் தாளில் மறைத்த ஒரு டாலர் நோட்டு. மிச்ச இடத்தில் ஊரில் உள்ள குழுக்களின் துண்டு விளம்பரங்களைத் திணிப்பார்கள். தபால்தலையின் மேல் மெல்லிசாகப் பசை தடவுவது ஊரறிந்த ரகசியம். முத்திரை பசையின் மேல்தான் விழும். தண்ணீரில் நனைத்தால் மை போய்விடும், தபால்தலை மறுபடி செல்லும். 'என் ஸ்டாம்பைத் திருப்பி அனுப்பவும்' என்று கடித முடிவில் ஒரு வரி இருக்கும். தபால் இலாகாவுக்கு நஷ்டம்தான். அந்த நஷ்டத்தில் ஓர் இசையே வளர்ந்தது.

பதில் வர வாரங்கள் ஆகும், சிலசமயம் மாதங்கள். சிலர் கேள்விக்குக் கீழேயே பேனாவால் எழுதுவார்கள். சிலர் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். குறுக்குக் கேள்விக்கு வழியில்லை. மூன்றாம் கேள்விக்கே 'அந்தக் கிடாரிஸ்ட் விலகிவிட்டான்' என்று பதில் வந்தாலும், ஏழாம் கேள்வி பாட்டுக்கு அவனுடைய வாசிப்பைப் புகழ்ந்துகொண்டிருக்கும். அதையும் அப்படியே அச்சிடுவார்கள். குழு எப்படித் தொடங்கியது, யார் யார் என்ன வாசிக்கிறீர்கள், உங்கள் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேள்விகளும் தேய்ந்தவைதான். இதைப் பார்த்து மேதாவிகள் சிரித்ததுண்டு. என்னைக் கேட்டால், இருப்பதிலேயே உபயோகமான கேள்விகள் அவைதான். கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று கேட்டு இடம் விடுவார்கள். குழு அங்கே வீட்டு விலாசத்தையும் டெமோ கேசட்டின் விலையையும் போடும். வாசகர் அந்த விலாசத்துக்கு எழுதுவார், அவருக்கும் ஒரு கேசட் வரும், மறு வருஷம் அவரே ஒரு பத்திரிகை ஆரம்பிப்பார்.

மெட்டாலிகாவுக்குப் பெயர் கிடைத்ததுகூட இந்த வட்டத்தில்தான். சான் ஃபிரான்சிஸ்கோவில் ரான் குவின்டானா பத்திரிகை தொடங்குவதற்காகப் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தார். கேசட் பரிமாறும் நண்பரான லார்ஸ் உல்ரிக்கிடம் காட்டினார். 'மெட்டல் மேனியா'தான் பத்திரிகைக்குப் பொருத்தம் என்று சொல்லிவிட்டு, 'மெட்டாலிகா'வைத் தன் குழுவுக்கு எடுத்துக்கொண்டார் உல்ரிக். அந்தக் குழுவின் பாட்டை முதலில் இசைத்தட்டில் போட்ட பிரையன் ஸ்லேகலும் பத்திரிகை நடத்தியவர்தான். அவருடைய 'மெட்டல் மாசகர்' தொகுப்பு 1982இல் வந்தது. நார்வேயில் சார்ப்ஸ்போர்க் என்ற சிற்றூரிலிருந்து, மெட்டாலியன் என்று எல்லாரும் அழைத்த யோன் கிறிஸ்டியான்சன் 1985இல் 'ஸ்லேயர்' பத்திரிகையைத் தொடங்கினார். 2010 வரை 20 இதழ்கள். வேகம் குறைவு, மதிப்போ மிக அதிகம்.

நார்வேயில் இந்த வடிவத்துக்கு ஒரு கண்டமும் வந்தது. பிளாக் மெட்டல் பையன்கள் புனைபெயரில், நாங்கள் சாத்தானின் ஆட்கள், எங்களுக்குக் கருணை கிடையாது என்று ஜெராக்ஸ் பத்திரிகைகளில் சவடால் அடித்துக்கொண்டிருந்தார்கள். வட்டத்துக்குள் இருந்தவர்களுக்கு அதில் எவ்வளவு நாடகம் என்று ஓரளவு தெரியும். 1993 ஜனவரியில் அவர்களில் ஒருவரான வர்க் விகெர்னஸ் அதே குரலில், பெயர் போடாமல், 'பெர்கென்ஸ் டிடெண்டே' என்ற தினசரிக்குப் பேட்டி கொடுத்து, தேவாலயங்கள் எரிந்ததைப் பற்றிப் பெருமையடித்தார். தேவாலயங்கள் உண்மையிலேயே எரிந்திருந்தன. அந்த மாதமே போலீஸ் அவரைக் கைது செய்தது. ஆதாரம் போதாமல் பிறகு விட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் சக இசைக்கலைஞர் ஒய்ஸ்டீன் ஆர்செத்தைக் கொன்றார். அதன்பின் சவடாலைச் சவடாலாக மட்டும் படிக்க முடியவில்லை. கேள்வி கேட்டவர்களும் கொஞ்சம் பொறுப்பேற்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். புனைபெயருக்கு மேல் புனைபெயர் வைத்து வந்த பதில்களைக் கண்ணை மூடிக்கொண்டு அச்சேற்றியவர்கள் அவர்கள்தானே.

பிறகு மின்னஞ்சல் வந்தது. பசையும் கூப்பனும் போயின. அமெரிக்காவில் பங்க் குழுக்களின் பேட்டிகளை 1982 முதல் சுமந்துவந்த 'மேக்சிமம் ராக்கன்ரோல்' 2019இல் அச்சை நிறுத்தியது. வரிசை எண் போட்ட கேள்விகள் மட்டும் போகவில்லை. இன்றும் பல மெட்டல் குழுக்கள் நேரில் பேச மறுத்து, கேள்விகளை அனுப்பு, எழுதித் தருகிறோம் என்கின்றன. அனுப்பிய நொடியில் போய்ச் சேர்கிறது. பதிலுக்கு மட்டும் சிலர் பழையபடி மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறார்கள்.