நாரி உளைவுக்குள் ஒளிந்த முறிவு: பேசாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

நாரி உளையுது, நாரி பிடிச்சுப் போச்சு, விலாவுக்குள்ள குத்துது. வடபுலத்துப் பேச்சில் இவை மூன்றும் மூன்று வேறு நோவுகள். முதலாவது, நாள் முழுக்கக் குனிந்து நின்ற உடம்பின் அலுப்பு. இரண்டாவது, நிமிர விடாமல் திடீரென்று மடக்குவது. மூன்றாவது, மூச்சை இழுத்தால் வெட்டுகிற கூர்மை. மன்னாரின் பேசாலைக் கரையில் மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் பரப்பி, பொழுது சாயக் கூட்டி அள்ளும் பெண் இவற்றைத் தெளிவாகப் பிரித்தறிவாள். ஆனால் நெரிசலான கிளினிக்கில் இரண்டு நிமிடம் கிடைக்கும்போது மூன்றும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. துண்டில் 'முதுகு நோ' என்று எழுதப்படுகிறது, வலிக்குளிசை கிடைக்கிறது, வயது காரணமாகச் சொல்லப்படுகிறது. வயதை ஒரு நோயின் பெயராக ஏற்றுக்கொள்ளும் இந்தப் பழக்கத்தால், எலும்பின் அடர்த்தி குறையும் என்புத்துளை நோயின் முள்ளந்தண்டு முறிவுகள் நம்மிடையே மறைந்து கிடக்கின்றன என்பதே என் வாதம்.

இம்முறிவு கை கால் முறிவைப் போன்றதன்று. விழுந்த நினைவு பலருக்கு இராது. தண்ணீர் வாளியைத் தூக்கியபோதோ கட்டிலில் புரண்டபோதோ, அடர்த்தி குறைந்த முள்ளென்பு முன்பக்கமாக நசுங்கி ஆப்பு வடிவம் கொள்கிறது. நெஞ்சுப் பகுதியின் நடுவிலும், அது நாரியோடு சேரும் இடத்திலும் இது மிகுதி. நோவு சில வேளை விலாவைச் சுற்றி வயிற்றுக்கு வருவதால் சிறுநீரகக் கல் என்றும் வாய்வு என்றும் கருதப்படுகிறது. இத்தகைய முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றே வைத்தியரின் கவனத்துக்கு வருகிறது.

எலும்பு சில மாதங்களில் கூடிவிடும். அதோடு வலியும் போய்விடும் என்பது பொதுவான நம்பிக்கை. சுவீடனின் கோத்தன்பேர்க்கில் 107 நோயாளரை ஓராண்டு தொடர்ந்து 2008இல் வெளியான ஆய்வு இதை அசைத்தது. முதல் மூன்று மாதங்களில் கொஞ்சம் தேறியவர்கள் அதற்குப் பிறகு அநேகமாக அங்கேயே நின்றுவிட்டார்கள். ஆண்டு முடிவிலும் பெரும்பாலோருக்கு வலி இருந்தது. காரணம் உடலின் அமைப்பிலேயே உள்ளது. நசுங்கிய முள்ளென்பு பழைய உயரத்துக்குத் திரும்புவதில்லை. முதுகு முன்னே வளைய, தலையையும் நெஞ்சையும் தாங்கிப் பிடிக்க முதுகுத் தசைகள் விழித்திருக்கும் நேரமெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்மூட்டுகளில் சுமை ஏறுகிறது. உயரம் இன்னும் குறைந்தால் கடைசி விலா இடுப்பெலும்பில் உரசுகிறது, வயிறு ஒடுங்கி நாலு வாய் சோற்றிலேயே நிறைந்துவிடுகிறது, மூச்சும் குறுகுகிறது. ஆகவே நெடுநாள் வலியை ஆறாத முறிவின் மிச்சமாகப் பார்ப்பது போதாது. வடிவம் மாறிய உடல் பழைய வேலையையே செய்ய நேர்வதன் விளைவாகவும் அதைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பழைய வேலை எது என்ற கேள்வியில்தான் பேசாலை வருகிறது. இந்நோயாளரின் வாழ்க்கைத்தரத்தை அளக்க ஐரோப்பாவில் உருவான குவாலெஃபோ-41 என்ற வினாக்கொத்து வலி, உடலியக்கம், சமூக வாழ்வு, மனநிலை ஆகியவற்றை 41 கேள்விகளில் விசாரிக்கிறது. நல்ல கருவி. ஆனால் தோட்ட வேலையும் திரையரங்கும் அதில் உள்ள அளவுக்குக் கரையும் கோயிலும் இல்லை. பேசாலையில் கேட்க வேண்டியவை வேறு: தரையில் இருந்து மீன் வெட்ட முடிகிறதா? வலையில் சிக்கிய நண்டைக் குனிந்து கழற்ற எவ்வளவு நேரம் தாங்குகிறது? பூசையில் முழந்தாளிட்டால் பிடியின்றி எழும்ப முடிகிறதா? தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகமான பாஸ் முடியும்வரை தரையில் இருக்க முடிகிறதா? வெற்றி அன்னை ஆலயத்தைச் சுற்றியே ஊரின் ஆண்டு சுழலும் இடத்தில், முழந்தாளிட முடியாமல் பின்வாங்கில் ஒதுங்கும் பெண் இழப்பது ஓர் உடலசைவை மட்டுமா? லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் பதினெட்டு ஆண்டுகள் நிமிர முடியாதிருந்த பெண் வருகிறாள். அவளுக்கு எந்த நோய் என்று மருத்துவர்கள் விவாதித்திருக்கிறார்கள். முள்ளந்தண்டு அழற்சி என்பது ஒரு கருத்து. எனக்கோ அவள் தொழுகைக் கூடத்தில் இருந்தாள் என்பதே பெரிதாகப் படுகிறது. வலியோடும் அவள் வந்திருந்தாள்.

இன்னொன்றையும் இங்கே முன்வைக்க வேண்டும். எலும்பின் உச்ச அடர்த்தி முப்பது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பிறகு இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. அந்த ஆண்டுகளில் பத்து முதல் பதினெட்டு வயதாயிருந்த பெண்பிள்ளைகள் இன்று மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கிறார்கள். நிவாரண அரிசியிலும் பருப்பிலும் வளர்ந்த எலும்பு ஈஸ்திரஜன் குறையும் காலத்தை எப்படித் தாங்கும்? இதை முடிவாகச் சொல்லவில்லை, சோதிக்கத்தக்க கருதுகோளாகவே வைக்கிறேன். வெயில் நிறைந்த ஊருக்கு விற்றமின் டி கவலை எதற்கு என்பதும் அவ்வளவு எளிய வாதமன்று. கண்டியிலும் ஓஸ்லோவிலும் வாழும் இலங்கையரை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில் ஓஸ்லோவினரின் அளவு மிகத் தாழ்ந்திருந்தது. இலங்கையிலும் பலருக்கு அது போதுமானதாக இல்லை. மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் இது பொருந்தக்கூடிய செய்தி.

சிகிச்சையைப் பொறுத்தவரை, முள்ளென்புக்குள் சீமெந்து செலுத்தும் முறை 1984இல் பிரான்சில் தொடங்கிப் பெரும் நம்பிக்கை ஊட்டியது. 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் போலிச் சிகிச்சை பெற்றவர்களும் அதே அளவு தேறினார்கள். தேர்ந்தெடுத்த சிலருக்கு, முறிந்த முதல் வாரங்களில், அது உதவுமா என்ற விவாதம் தொடர்கிறது. பேசாலைக்கு அது முதல் தேவை அன்று.

முதல் தேவை கண்டுபிடித்தல். அதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. இளவயது உயரத்திலிருந்து 4 சென்றிமீற்றருக்கு மேல் குறைந்திருக்கிறதா, சுவரோடு நின்றால் பின்தலை சுவரைத் தொடுகிறதா, கடைசி விலாவுக்கும் இடுப்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைகிறதா? ஒரு தாதி இவற்றை ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். சந்தேகமிருந்தால் பக்கவாட்டு எக்ஸ்றே ஒன்று போதும். முறிவு உறுதியானால் அவசரம் தொடங்குகிறது. புதிதாக முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று முறிகிறது. ஏற்கெனவே முறிவுள்ள 2027 பெண்களிடம் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், அலென்றோனேற் என்ற மருந்து புதிய முள்ளென்பு முறிவுகளை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. நீண்ட படுக்கை ஓய்வு எலும்பையும் தசையையும் மேலும் கரைக்கும். முதுகை நிமிர்த்தும் பயிற்சியும், மீன் வெட்ட இடுப்புயர மேசையும் அதைவிடப் பயன் தரும். இந்த மேசையை நான் மருந்துச் சீட்டில் எழுதத்தக்கதாகவே கருதுகிறேன்.

அலென்றோனேற் மாத்திரை வாரத்துக்கு ஒன்று, 70 மில்லிகிராம். காலையில் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் வேறெதுவும் உண்ணாமலும் இருக்க வேண்டும். உணவுக்குழாய் நோயோ கடுமையான சிறுநீரகப் பழுதோ உள்ளவர்களுக்கு இது ஆகாது. மற்றவர்களுக்கு ஞாயிறு காலை, பூசைக்குப் புறப்படும் முன், என்று நாள் குறித்துக் கொடுக்கலாம். தண்ணீரும் மருந்தும் நற்கருணை நோன்பை முறிப்பதில்லை. கோயிலுக்குப் போகும் பெண் அந்த அரை மணி நேரத்தில் படுக்கவும் மாட்டாள்.