பத்துப் பேரும் ஒரு பேரும்

சின்னம்மாவின் டிரங்குப் பெட்டியில், கலியாணச் சேலைக்கும் அடியில், ஒரு சொப்பின் பேக் ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டிக் கிடக்கும். அதற்குள்தான் பாஸ்போட். இரண்டு தடவை குவைத்துக்குப் போய் வந்த புத்தகம். ஓரம் மடங்கி, நடுப்பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு இருந்தது. 2014இல் பிறந்த அதற்கு ஆயுள் பத்து வருடம். வெளிநாட்டு வேலைக்குப் போக ஆறு மாதமாவது மிச்சம் இருக்கவேண்டும் என்பதால், 2024 பிறந்தபோது அது உயிரோடு இருந்தும் உதவாத புத்தகமாகிவிட்டது.

புதுப்பிப்பது என்று வாய்ப்பேச்சில் சொல்கிறோமே தவிர, பழைய புத்தகத்துக்கு நாள் நீட்டிக் கொடுப்பதில்லை. புது எண்ணோடு புதுப் புத்தகம்தான். அதற்கு முழு விலையும் கொடுக்கவேண்டும்.

அந்த விலை ஏறிய கதை எல்லாருக்கும் தெரியும். 2022 நவம்பர் 14ஆம் திகதி வரவு செலவுத் திட்டம் வந்தது. 17ஆம் திகதியே சாதாரண சேவை 3,500 ரூபாவிலிருந்து 5,000க்கும், ஒருநாள் சேவை 15,000இலிருந்து 20,000க்கும் போனது. நாடே வெளியேறப் பார்த்த வருடம் அது. வழங்கிய கடவுச்சீட்டுகள் ஒன்பது இலட்சத்தைத் தாண்டின. பிறகு 2024 பெப்ரவரி 1ஆம் திகதி சாதாரண சேவைக் கட்டணம் 10,000 ஆனது.

சின்னம்மா இருக்கும் பசறைப் பக்கத்து மலையில் இந்தக் கணக்கை ரூபாவில் போடமாட்டார்கள். வருகைப் பதிவேடான செக்ரோலில் விழும் ஒரு நாள் வேலைக்குத் தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்று பெயர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. ஆகவே ஜனவரியில் பாஸ்போட்டின் விலை ஐந்து பேர். பெப்ரவரியில் பத்துப் பேர்.

“கூடுறதுக்குள்ள போய்க் கட்டிருவம்” என்று சின்னம்மா ஜனவரிக் கடைசியில் பஸ் ஏறினார். ஆனால் அவரை மறித்தது இன்னொரு பேர். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது. அதில் தகப்பன் பெயர் ‘ராமசாமே’. அடையாள அட்டையில் ‘ராமசாமி’. முதல் பாஸ்போட்டை எடுத்த காலத்தில் ஏஜென்சிக்காரர் எப்படியோ பார்த்துக்கொண்டார். இம்முறை பார்த்துக்கொள்ள ஆளில்லை.

அந்த ஓர் எழுத்துக்குச் சின்னம்மாவைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் அறிவிக்கிற பொறுப்பு அந்தக் காலத்தில் தோட்டத்தை நடத்தும் துரையுடையது. தாய் தமிழில் சொன்ன பெயர் கணக்குப்பிள்ளை வாய்க்கும் துரையின் பேனாவுக்கும் போய், பதிவாளரின் சிங்களத்தில் வந்து இறங்கும்போது வேறொரு மனிதரின் பெயராகியிருக்கும்.

இந்த மலையில் பயணச் சீட்டுக்கும் பெயருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது தகர டிக்கெட். மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண். ஆளின் பெயர் அதில் இல்லை. எந்தத் தோட்டத்துச் சரக்கு என்பது மட்டும் இருந்தது. தோட்டம் மாறவேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். அதில் பெயரைவிட முக்கியம் கடன் தொகை. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

1948ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் பிறகு பார்ப்பதற்கு. எங்கள் லயத்துக்குப் பாஸ்போட் என்கிற பொருள் முதன்முதலில் வந்தது அப்படித்தான். அது இந்தியப் பாஸ்போட். போகிற வழி மட்டும் உள்ளது. சின்னம்மாவின் பெரியப்பா குடும்பம் அந்தப் புத்தகத்தோடுதான் பதுளை ஸ்டேசனில் ஏறியது. தலைமன்னாருக்குப் போனவர்களைச் சுமந்த அந்த ரயிலை மலையகம் ‘அழுகைக் கோச்சி’ என்றது. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். இங்கேயே நின்று நாடற்றிருந்தவர்களில் கடைசி ஆட்கள் வரை குடியுரிமை கிடைக்க 2003ஆம் வருடச் சட்டம் வரவேண்டியிருந்தது.

சின்னம்மாவின் புதுப் புத்தகத்துக்கு வருவோம். கிராம சேவகர் ஜீ.எஸ். ஐயாவிடம் ஒரு கடிதம். டவுனில் சத்தியக்கடதாசி. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று இறந்துபோன தகப்பனுக்காக மகள் சத்தியம் செய்தார். அடுத்தது, குடிவரவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில் படம். அங்கே படத்தைக் கையில் தருவதில்லை. அது கணினி வழியே போய்விடும், இவருக்குக் கிடைத்தது ரசீது மட்டும். கடைசியாகக் கைரேகை. 2023 ஜூனிலிருந்து பிரதேச செயலகங்கள் சிலவற்றிலேயே ரேகை வைக்கலாம் என்றானதில் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்கு ஓர் இரவுப் பயணம் மிச்சம்.

முதல் நாள் இரவு எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள். கறை கொஞ்சம் போனது. தேய்ந்த ரேகை திரும்பி வருமா? மறுநாள் கண்ணாடியில் வலது பெருவிரலை மூன்று முறை வைத்தார். மூன்றாவது முறை அலுவலர் மெதுவாக அழுத்திப் பிடித்தபிறகுதான் இயந்திரம் அவரை அடையாளம் கண்டது.

அப்போது பெப்ரவரி மூன்றாம் வாரம். பத்துப் பேர் விலை. டவுனுக்கு இறங்கிய நான்கு நாளும் மலைக்குப் போகாததால் இன்னும் நான்கு பேர். கட்டணம் ஏறுமுன் ஓடிப்போய் எடுத்துவிடு என்பது, தாளெல்லாம் ஒரே பெயரில் இருப்பவருக்குச் சொல்லும் யோசனை. மற்றவர்கள் விலை ஏறுகிற செய்தியைக் கேட்டபிறகுதான் தங்கள் பெயரையே தேடத் தொடங்குகிறார்கள்.

சில வாரம் கழித்துக் கூரியர் பையன் போன் எடுத்தான். வீட்டு நம்பர் கேட்டான். லயத்துக் காம்பராவுக்கு ஏது நம்பர்? “சந்தியில நில்லுங்க தம்பி, கோயிலுக்குப் பக்கத்துல” என்று கொழுந்துக் கூடையோடு இறங்கி ஓடினார் சின்னம்மா. கூடையை மதகின்மேல் வைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, உறையைப் பிரித்தார். படத்தைப் பார்க்கவில்லை. பெயரை எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, இரண்டு தடவை வாசித்தார்.

“சரியா இருக்கு” என்றார். புத்தகம் பழைய சொப்பின் பேக்குக்குள் போனது. அவர் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். அன்று அரைப் பேராவது விழவேண்டும்.