ஓவியக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும்போது

எங்கள் பாடசாலைகளில் சித்திரம் ஒரு பாடம். பொங்கல் பானையும் தேர்த்திருவிழாவும் வரைந்து புள்ளி வாங்காத பிள்ளைகள் குறைவு. ஆனால் ஒரு ஓவியர் தன் கையால் தீட்டிய அசல் படத்துக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் மிகச் சிலரே. வடக்கு கிழக்கில் நிரந்தர ஓவியக் கூடங்கள் அரிது என்பது ஒரு காரணம். கண்காட்சி நடந்தாலும் 'அதெல்லாம் எங்களுக்கு விளங்காது' என்று பெற்றோர் ஒதுங்கிவிடுவது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை நாங்களே நீக்கலாம்.

மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவும், மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. அங்கு படிக்கும் மாணவர்களின் படைப்புகள் அவ்வப்போது காட்சிக்கு வைக்கப்படுகின்றன. கொழும்பில் 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகத்தில் விளக்கக் குறிப்புகள் தமிழிலும் உண்டு. வேறு அலுவலாகக் கொழும்பு போகும் குடும்பங்கள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும்.

முடிந்தால் பெரியவர் ஒருவர் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. எங்கள் ஓவியர்களின் படங்களில் போர் இருக்கும். எந்தப் படம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால், பிள்ளையின் வயதுக்கு ஏற்ப வழியை மாற்றிக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலமே அதிகம். பசியோடு கூட்டிப் போக வேண்டாம். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மூன்று படங்கள் போதும், அவற்றைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும்.

நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001 இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, ஒரு படத்தின் முன் ஒருவர் நிற்கும் நேரம் சராசரியாக 27 விநாடிகள். பாதிப்பேர் 17 விநாடிக்கு மேல் நிற்கவில்லை. பெரியவர்களே இப்படியென்றால், ஓடித்திரியும் பிள்ளையை எப்படி நிற்க வைப்பது? கேள்விதான் வழி. அபிகேல் ஹவ்சன், பிலிப் யெனவைன் என்ற இருவர் அமெரிக்காவில் உருவாக்கிய முறையொன்று மூன்றே கேள்விகளில் நடக்கிறது. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். 'இந்த அம்மா அழுகிறா' என்று பிள்ளை சொன்னால் 'சரி', 'பிழை' என்று தீர்ப்புச் சொல்லாமல், எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். குனிந்த தலையையோ கையில் உள்ள துணியையோ பிள்ளை காட்டும். நீங்கள் கவனிக்காத ஒன்றைக் காட்டவும் கூடும். குறிப்பை உரத்து வாசித்து விளக்கத் தொடங்கினால் பிள்ளை படத்தை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும், வகுப்பறையில் பழகிய பழக்கம் அது. குறிப்பைக் கடைசியில் வாசிக்கலாம்.

'தொடாதே' என்று அதட்டுவதை விட, கையில் உள்ள வியர்வையும் எண்ணெய்ப்பசையும் வர்ணத்தைப் பழுதாக்கும் என்று காரணம் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்துவிட்டால் கைக்கும் வேலை கிடைக்கும். பேனா வேண்டாம்.

இனி, பலர் தயங்கும் இடம். 2009 இற்குப் பின் பிறந்த பிள்ளைகள் போரைக் காணவில்லை. ஆனால் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தையும், சில பெயர்களைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடுவதையும் பார்த்து வளர்கிறார்கள். பங்கரையோ எரிந்த வீட்டையோ ஒரு படத்தில் கண்டால், 'அம்மா, இது எங்களுக்கும் நடந்ததா?' என்று கேட்கத்தான் செய்வார்கள். 'அதெல்லாம் இப்ப வேண்டாம்' என்று இழுத்துக்கொண்டு போவது பயத்தைக் கூட்டும் என்றே நினைக்கிறேன். 'ஓம், நடந்தது. இப்ப நாங்கள் பத்திரமாக இருக்கிறம். வீட்டுக்குப் போய்க் கதைப்பம்' என்பது போதுமான பதில். முழுக் கதையையும் அங்கேயே சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள், வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள். உங்களுக்கே நெஞ்சு அடைத்தாலும் அப்படித்தான். பிறகு பல நாட்கள் நித்திரையின்றிப் பிள்ளை பயந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடத் தயங்க வேண்டாம்.

இழப்பைப் பற்றிய கலை எப்போதும் இரத்தத்தைக் காட்டுவதில்லை. யாழ். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனனின் 'இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூல் 2011 இல் வெளிவந்தது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த மக்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கோடுகளாக வரைந்தார்கள். அதை வைத்துக் கட்டடக்கலை முறையிலான வரைபடமொன்று, பிறகு ஓவியர் வரைந்த படமொன்று என வீடு மூன்று முறை வரையப்படுகிறது. 2004 இல் யாழ். பொது நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' கண்காட்சிக்கும் அவர் குடாநாட்டுக் குடும்பங்களிடமிருந்து சேகரித்த சாதாரணப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தார். எரிக்கப்பட்ட நூலகம் அது என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இவற்றில் பிள்ளைகளுக்கு நல்லதொரு வழி இருக்கிறது. கண்காட்சிக்குப் போக வசதியில்லாத ஊரிலும் இதைச் செய்யலாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு பிள்ளை அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ போகட்டும். பழைய வீட்டுக்கு எத்தனை அறை, கிணறு எந்தப் பக்கம், அடுப்படி எங்கே, முற்றத்தில் என்ன மரம் நின்றது என்று கேட்டுக் கேட்டு வரையட்டும். அளவு பிழைத்தாலும் பரவாயில்லை. கதை கேட்டால் அழுதுவிடும் பெரியவர்கள் கூட, கிணற்றைப் பிழையான இடத்தில் வரைந்தால் பென்சிலை வாங்கித் திருத்துவார்கள். அவர்கள் 'இண்டைக்கு வேண்டாம்' என்றால் தாளை மடித்து வைத்துவிட்டு வேறொரு நாள் கேட்கலாம். பின்பக்கத்தில் ஊரின் பெயரையும், வரைந்த திகதியையும், யார் சொல்லி யார் வரைந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.