சுங்கச் சாவடி நின்ற சாலை

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை வழியாக வடக்கே செல்லும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், பழைய சென்னை நகரத்தின் எல்லை முடிந்து திருவொற்றியூர் ஆரம்பமாகிற இடத்துக்கு, முன்னொரு காலத்தில் அங்கே வண்டிகளை மறித்துச் சுங்கம் வசூலித்த சாவடியை முன்னிட்டு டோல்கேட் என்ற பெயர் ஏற்பட்டு, சாவடி போன பின்னும் நிலைத்துவிட்டது. சாலையோ சாவடியைவிட மிகப் பழையது. சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஸ்தலமும் பட்டினத்தார் சமாதி கொண்ட ஸ்தலமுமான திருவொற்றியூருக்கு யாத்திரை போனவர்கள் பல நூற்றாண்டுகளாக வடக்கு நோக்கி நடந்திருக்கிறார்கள். சென்னை ஏழுகிணற்றில் வசித்த இராமலிங்க அடிகள் திருவொற்றியூர்த் தியாகேசரைத் தரிசிக்க அடிக்கடி நடந்தே சென்றதை அவருடைய சரித்திரம் சொல்கிறது. அடுத்துள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர்.

சாலையில் போகிறவன் சாலைக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதே சாவடியின் நியாயம். மோட்டார் வண்டிகள் பெருகியபோது, 1931-ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் அத்தகைய சுங்கங்களை ஒழித்து, வருமானம் இழந்த ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஈடு கொடுக்கவும் வழி செய்தது. பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி அவ்வாறு தீர்ந்தது. சாலையின் அகலத்தில் எவருக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்பவில்லை.

1895-இல் சென்னையில் தொடங்கி ராயபுரத்துக்கும் ஓடிய மின்சார டிராம், தெருவில் தனக்கென்று தண்டவாளம் பெற்றிருந்தது. 1953-இல் அது நின்றபோது, பொதுஜனப் போக்குவரத்துக்கென்று தெருவில் ஒதுக்கப்பட்டிருந்த ஒரே இடமும் போயிற்று. அதே காலத்தில்தான் டோல்கேட்டுக்கு வடக்கே தொழிற்சாலைகள் அடர்ந்தன. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை முன்பே இருந்தது; 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாக எம்.ஆர்.எஃப். பிறந்தது, 1948-இல் அசோக் மோட்டார்ஸும், 1955-இல் என்ஃபீல்டும் தோன்றின. பின்னர் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிய அசோக் மோட்டார்ஸின் எண்ணூர்த் தொழிற்சாலையில் பேருந்துகளுக்கு அடிச்சட்டம் செய்த தொழிலாளிகள், ஷிப்டு முடிந்ததும் சரக்கு லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வரும் பேருந்தின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள் என்பது எனக்கு என்றும் மனவேதனை தருகிற விஷயம்.

பேருந்துக்குத் தனிப்பாதை என்பது ஆகாத காரியமன்று. பிரேசில் தேசத்துக் குரிடிபா நகரம் 1974-இலேயே சாலையின் நடுவில் பேருந்துகளுக்கென்று தடம் ஒதுக்கியது. பிற்காலத்தில் ஏறுவதற்கு முன்பே கட்டணம் வாங்கி, வண்டியின் தளத்துக்குச் சமமான மேடையிலிருந்து பிரயாணிகளை ஏற்றி, நிறுத்தத்தில் வீணாகும் காலத்தையும் குறைத்தது. அகமதாபாத் 2009-இல் அம்முறையைக் கைக்கொண்டது. டெல்லியில் 2008-இல் திறந்த தடத்தைக் காரில் செல்வோரின் ஆட்சேபம் ஓயாமல் துரத்த, 2016-இல் அகற்றிவிட்டார்கள். அதன் அமைப்பிலும் குறைகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. சென்னையிலோ திட்டங்கள் வரையப்பட்டனவே தவிர, அத்தகைய தடம் எதுவும் உருவாகவில்லை.

2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் மெட்ரோ திறக்கப்பட்டு, டோல்கேட்டுக்கும் நிலையம் கிடைத்தது. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட வடசென்னைக்கு இது பெரும் பேறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பேருந்துத் தடம் சாதாரணமாக அமையக்கூடிய சாலை நடுவில், டோல்கேட் பகுதியில் இப்போது மெட்ரோவின் தூண்கள் நிற்கின்றன; ஆகவே தடம் வேண்டுமானால் ஓரத்தில்தான் அமைய வேண்டும், அங்கே லாரிகளும் கடைகளும் அதற்கு இடம் விட வேண்டும். விம்கோ நகருக்கு அப்பால் எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர் மக்களுக்கும், மேற்கே மணலி மக்களுக்கும் மெட்ரோ நிலையம்வரை வந்து சேரப் பேருந்து பெருந்துணை. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டபடியால், எல்லையின் இருபுறமும் இரண்டு ஸ்தாபனங்கள் என்ற பழைய சமாதானமும் இப்போது செல்லாது; இந்தச் சாலையில் பேருந்துக்கு எத்தனை அடி ஒதுக்குவது என்பதை ஒரே மாநகராட்சியிடமும், நெடுஞ்சாலையையும் பேருந்தையும் நடத்துகிற ஒரே மாநில அரசிடமும் மக்கள் நேராகக் கேட்கலாம்.