மூன்றாவது கதவும் பின்வாசலும்



நினைவுச் சொற்பொழிவுக்குக் கழிப்பறையைப் பொருளாக எடுக்கலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கழிப்பறையின் பெயரால் தலைமுறை தலைமுறையாக இழிவுபடுத்தப்பட்ட மக்கள் நாம். நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இன்று ஒரு விவாதம் நடக்கிறது. ஆண், பெண் எனப் பிரிக்காத பொதுக் கழிப்பறை வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். திருநர்கள் அச்சமின்றிப் போய்வர அதுவே வழி என்பது அவர்கள் வாதம். பெண்களுக்கான தனி இடம் பறிபோனால் பாதுகாப்பும் பறிபோகும் என்கிறார்கள் மறு சாரார். இரண்டு அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கதவில் ‘பெண்கள்’ என்று எழுதியபோது யாரையெல்லாம் பெண்களாகக் கணக்கில் எடுத்தார்கள்?

இதற்கு விடை தேட அமெரிக்க வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அங்கே சட்டங்களும் பெயர்ப்பலகைகளும் பதிவாகியிருக்கின்றன. 1972இல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்ஸ் இயக்கம் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் தன் பெயரை எடுத்துக்கொண்டது. எனவே அந்த வரலாறு நமக்கு அந்நியமும் அல்ல.

பணியிடங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1887இல் மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் இயற்றியது. 1920க்குள் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின. ஆலைகளில் கழிப்பிடங்கள் அசுத்தமாக இருந்தன; தொழிலாளர் நலனில் அக்கறை கொண்டவர்கள் அதற்காகப் போராடினார்கள். கூடவே இன்னொரு கருத்தும் வேலை செய்தது. பெண் மென்மையானவள், வீட்டுக்குரியவள், வெளியே வந்தால் அவளை மறைத்துக் காக்க வேண்டும் என்ற கருத்து அது.

அந்தக் காவல் எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கவில்லை. இன ஒதுக்கல் சட்டங்கள் ஆண்ட தென் மாநிலங்களில், பேருந்து நிலையங்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் மூன்று கதவுகள் இருப்பது வழக்கமாக இருந்தது. வெள்ளை ஆண்களுக்கு ஒன்று. வெள்ளைப் பெண்களுக்கு ஒன்று. ‘கலர்டு’ என்ற பலகையோடு, கறுப்பின ஆண், பெண், குழந்தை எல்லோருக்குமாக இன்னொன்று. பல இடங்களில் அந்த மூன்றாவது கதவும் கிடையாது; புதர் மறைவுதான். ஆண், பெண் எனப் பிரிக்காத கழிப்பறை அங்கே ஏற்கெனவே இருந்தது. அதை யாரும் முற்போக்கு என்று சொல்லவில்லை. கறுப்பினப் பெண்ணுக்கு மறைவு தேவையில்லை என்று வெள்ளைச் சமூகம் முடிவு செய்திருந்ததன் அடையாளம் அது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவத் தளவாட ஆலைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று 1941இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். 1943 டிசம்பரில் பால்டிமோரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையின் வெள்ளைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு அவர்கள் கோரிக்கை அல்ல. கறுப்பினத்தவரோடு ஒரே கழிப்பறையைப் பயன்படுத்த மாட்டோம் என்பதே கோரிக்கை. கறுப்பினப் பெண்களிடமிருந்து நோய் தொற்றும் என்று வெள்ளைப் பெண்கள் சொன்னார்கள். கடைசியில் ஆலையை ராணுவமே பொறுப்பெடுக்க வேண்டியதாயிற்று. தீட்டு என்ற சொல் அவர்கள் மொழியில் இல்லாமல் இருக்கலாம். அதன் பொருள் நமக்கு விளங்காமல் போகாது.

1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது, பலகைகள் சட்டவிரோதமாயின. 1966 ஜனவரி 3 அன்று அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், சாமி யங் என்ற 21 வயது மாணவர் பெட்ரோல் நிலையம் ஒன்றில் வெள்ளையர் கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றார். கடற்படையில் பணியாற்றியவர் அவர். வாக்குரிமைக்காகக் களத்தில் நின்றவர். பெட்ரோல் நிலைய ஊழியர் அவரைச் சுட்டுக் கொன்றார். முழுவதும் வெள்ளையரே இருந்த ஜூரி கொலையாளியை விடுதலை செய்தது. பலகையைக் கழற்றிய பிறகும் அதைத் தாங்கி நின்ற சுவர் அப்படியே இருந்தது.

தனிக் கழிப்பறையே தவறு என்று இதிலிருந்து முடிவுக்கு வந்துவிட முடியாது. 1973இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வு எழுத வந்த பெண்களுக்கு அந்தக் கட்டடத்தில் கழிப்பறை இல்லை. அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் முன்னின்றவர் கறுப்பின வழக்கறிஞரான ஃபுளோரின்ஸ் கென்னடி. பெண்ணுக்கு இடம் ஒதுக்காத கட்டடம் பெண்ணை வரவேற்காத கட்டடம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதே காலத்தில் எதிர்முகாமும் கழிப்பறையைக் கையில் எடுத்தது. ஆண் பெண் சமத்துவத்தை அரசியல் சாசனத்தில் சேர்க்கும் திருத்தத்தை 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அது வந்தால் ஆணும் பெண்ணும் ஒரே கழிப்பறைக்குப் போக நேரிடும் என்று எதிரிகள் அச்சமூட்டினார்கள். 1982இல் கெடு முடிந்தபோது போதுமான மாநிலங்களின் ஒப்புதல் கிடைக்காமல் திருத்தம் முடங்கியது. 2016இல் வட கரோலினா மாநிலம், அரசுக் கட்டடங்களில் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படியே கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று திருநர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. உள்ளாட்சிகள் தனியார் நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிப்பதற்கும் அதே சட்டம் தடை விதித்தது. கழிப்பறைக் கதவை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது தொழிலாளியின் கூலியிலும் கை வைத்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். கக்கூஸ் என்ற சொல் டச்சு மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. ஆனால் அதை அள்ளும் வேலையைச் சாதிதான் பங்கிட்டது. எடுப்புக் கக்கூஸுக்கு இரண்டு வாசல் இருந்தது. முன்வாசல் போகிறவர்களுக்கு, பின்சந்தைப் பார்த்த திறப்பு அள்ளுகிறவர்களுக்கு. முன்வாசலில் ஆண், பெண் என்று எழுதலாம். பின்வாசலில் எழுத எதுவுமில்லை. கூடையோடு அங்கே குனிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கையால் மலம் அள்ளுவதை 1993லும் 2013லும் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். பின்வாசல் மட்டும் வேறு வடிவில் நீடிக்கிறது. என் சித்தி ஒரு பேருந்து நிலையக் கழிப்பறையில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்த்தார். பெண்கள் பக்கத்தைப் போலவே ஆண்கள் பக்கத்தையும் அவர்தான் கழுவ வேண்டும், உள்ளே ஆட்கள் இருக்கும்போதே. ஒருமுறை சொன்னார்: “வேற பொம்பள தவறி உள்ள வந்துட்டா ஆம்பளைங்க பதறிப்போவாங்க. நான் வாளியோட போனா ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்.” வேலை முடிந்து நனைந்த சேலையை மாற்ற அவருக்கென்று ஓர் இடம் இல்லை. பினாயில் டப்பாக்கள் அடுக்கிய மூலையில், கதவை முதுகால் அழுத்திக்கொண்டு மாற்றுவார். மூன்றாவது கதவைப் பற்றிப் படித்தபோதெல்லாம் எனக்குச் சித்தியின் நினைவுதான் வந்தது.

திருநர்களுக்குத் தனிக் கழிப்பறை அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2014இல் நால்சா தீர்ப்பில் சொன்னது. தாங்கள் விரும்பும் கழிப்பறையை அவர்கள் பயன்படுத்தலாம் என்று 2017இல் தூய்மை இந்தியா வழிகாட்டுதல் சொன்னது. இவை இரண்டும் ஒன்றல்ல. தனிக் கதவு பாதுகாப்பாகவும் இருக்கலாம். ஒதுக்கி வைக்கும் பலகையாகவும் ஆகலாம். எது வேண்டும் என்பதைத் தோழர்களான திருநர்களே சொல்ல வேண்டும். அந்தக் கதவு மட்டுமே உனக்கு என்று மற்றவர்கள் கைகாட்டுவதை நாம் ஏற்க முடியாது.

என் நிலைப்பாடு இதுதான். தரையிலிருந்து கூரைவரை சுவரும், உள்தாழ்ப்பாளும், தண்ணீரும், விளக்கும் உள்ள தனித்தனி அறைகளாகக் கட்டினால் அவற்றை எல்லோருக்கும் திறந்துவிடலாம். இருக்கும் ஒரே பெண்கள் கழிப்பறையின் பலகையை மட்டும் மாற்றிவிட்டுச் சமத்துவம் என்று சொன்னால் அது ஏமாற்று. எந்த வகைக் கழிப்பறையாக இருந்தாலும், அதைக் கழுவுகிறவருக்கு நிரந்தர வேலை, உடை மாற்ற அறை, கழுவும் நேரத்தில் மற்றவர்கள் உள்ளே வராதபடி கதவை மூடும் அதிகாரம், இவை மூன்றும் வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரியில் இந்த விவாதம் வரும். மனு எழுதுவதற்கு முன் அந்தக் கழிப்பறையைக் கழுவும் அக்காவிடம் போய், அவர் எங்கே உடை மாற்றுகிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை மனுவின் முதல் கோரிக்கையாக எழுதுங்கள்.

ஜெய்பீம்.