இதழும் அண்ணமும் பிறக்கும் வரலாறு

எழுத்துகள் எங்கெங்கே பிறக்கின்றன என்று ஆராய்ந்த தொல்காப்பியர், அதற்கெனப் பிறப்பியல் என்னும் ஓர் இயலையே வகுத்தார். நாவும் அண்ணமும், இதழும் பல்லும், மூக்கும் தத்தம் தொழிலைச் செய்வதால் நம் மொழியின் ஒலிகள் வேறுவேறாகத் தோன்றும் முறையை அவ்வியல் விளக்குகிறது. ஒலிகளைப் பிறப்பிக்கும் இவ்வுறுப்புகள் தாம் எங்ஙனம் பிறக்கின்றன? தாயின் வயிற்று இருளில், எவர் கண்ணும் காணாத காலத்தில், மனித முகம் எவ்வாறு உருவாகிறது? இதனை மாந்தர் படிப்படியாக அறிந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வரலாற்றை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் காலனியில் ஓர் இளந்தம்பதியர்க்குத் தலைமகன் பிறந்தான். குழந்தையின் மேலுதடு பிளந்திருந்தது, அண்ணமும் பிளந்திருந்தது. பார்க்க வந்த முதிய பெண்மணி ஒருவர், “கிரகணத்தன்று கத்தி, கத்தரிக்கோல் ஏதாவது தொட்டாயா அம்மா?” என்று கேட்டார். கேட்டவர் நல்லவரே, தம் பாட்டியார் சொல்லக் கேட்டதைத் தாமும் சொன்னார். ஆயினும் அப்பெண், பத்து மாதங்களையும் நாள்நாளாக நினைந்து, தான் செய்த பிழை யாது என்று தேடித்தேடிக் கண்ணீர் உகுத்தாள். அவளுக்கு உரிய விடை என்ன என்பதே என்னை நூலகத்துக்கு அனுப்பிற்று.

முட்டையில் தொடங்கிய ஆராய்ச்சி

இத்தகைய நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பிளந்த உதட்டை ஆங்கிலேயர் ‘முயல் உதடு’ என்று வழங்கினர். கருவுற்றவளின் வழியில் முயல் குறுக்கிட்டால் பிள்ளைக்கு இக்குறை நேரும் என்று ஐரோப்பிய நாட்டுப்புறத்தார் அஞ்சினர். எந்நாட்டிலும் பழி தாயின் தலையிலேயே விழுந்தது.

கருவின் வளர்ச்சியைக் கண்ணாற்கண்டு எழுத முயன்ற பழையோருள் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் முதன்மையானவர். கோழி அடைகாக்கும் முட்டைகளை ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக உடைத்து, உள்ளிருக்கும் கருவின் மாறுதல்களை அவர் குறித்து வைத்தார். மனிதக் கருவைக் காண்பது அரிது. கோழி முட்டையோ எளிதிற் கிட்டுவது. ஆதலின் பின்வந்த ஆராய்ச்சியாளரும் அம்முட்டையையே நாடினர்.

குருதி உடலிற் சுற்றி வருவதைக் கண்டறிந்து புகழ்பெற்ற வில்லியம் ஹார்வி, 1651-ஆம் ஆண்டில் உயிர்களின் பிறப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மனிதக் கருவில் மேலுதடு காலந்தாழ்ந்தே கூடுகிறது என்றும், சிலர் பிளந்த உதட்டோடு பிறப்பது அதனாலேயே என்றும் அதில் அவர் எழுதினார். இஃது ஓர் அரிய உண்மை. உதட்டுப் பிளவு புதிதாக ஏற்பட்ட வெட்டுக்காயம் அன்று. எல்லாருக்கும் ஒரு காலத்தில் பிரிந்திருந்தவை இவருக்கு மட்டும் கூடாமல் நின்றுவிட்டன என்பதே அதன் பொருள். கத்தி வெட்டியது என்னும் கதைக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது, கேட்பார்தாம் இல்லை.

கேளாமைக்கும் காரணம் இருந்தது. கருவின் வித்தினுள் ஒரு முழு மனிதன் மிகச் சிறிய உருவில் முன்பே அமைந்திருக்கிறான், அவன் பெரிதாக வளர்வதே கருவளர்ச்சி என்னும் கொள்கை அக்காலத்தில் ஓங்கி நின்றது. முகம் முன்பே முழுமையாக இருக்குமாயின் அது ‘கூடுவது’ எப்படி? 1759-ஆம் ஆண்டில் காஸ்பர் பிரீட்ரிக் வுல்ஃப் என்னும் ஜெர்மானிய இளைஞர், உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிதாகவே தோன்றுகின்றன என்று கோழிக்கருவை ஆராய்ந்து எழுதினார். அக்கொள்கை நிலைபெற மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

கவிஞர் கண்ட எலும்பும் கழுத்திற் கண்ட பிளவும்

ஜெர்மன் மகாகவி கதே கவிதையோடு நில்லாமல் எலும்புகளையும் ஆராய்ந்தவர். மேல்வாயின் முன்பற்கள் நான்கையும் தாங்கும் தனி எலும்பு விலங்குகளுக்கு உண்டு, மனிதனுக்கு இல்லை என்று அறிஞர் பலர் கூறிவந்தனர். 1784-ஆம் ஆண்டில் கதே மனிதனிடத்தும் அவ்வெலும்பின் தடத்தைக் கண்டார். நம் மேற்றாடை ஒரே துண்டாக வார்க்கப்பட்டதன்று, பல பகுதிகள் கூடி ஆனது என்பதற்கு அதுவும் ஒரு சான்றாயிற்று.

1825-ஆம் ஆண்டில் மார்ட்டின் ராத்கே, பன்றிக் கருவின் கழுத்துப் பக்கத்தில் மீனின் செவுள்களை நினைவூட்டும் பிளவுகளைக் கண்டு வியந்தார். அவற்றினிடையே வளைவுகள் இருந்தன. அவ்வளைவுகளுள் முதலாவதிலிருந்தே தாடைகள் உருவாகின்றன. நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகளுள் இரண்டு அம்முதல் வளைவிலிருந்தே வருகின்றன என்று 1837-ஆம் ஆண்டில் ரைக்கர்ட் காட்டினார். உண்ணும் வாயும் கேட்கும் செவியும் ஒரே இடத்தில் தோன்றிய உடன்பிறப்புகள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மனிதக் கருவின் முகத்தையே முறையாக ஆராய்ந்த பெருமை வில்ஹெல்ம் ஹிஸ் என்பாரைச் சாரும். ஜெர்மனியின் லைப்சிக் நகரப் பேராசிரியரான அவர், சிறு கருக்களை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் பெரிதாக வரைந்து, மெழுகால் பெரிய உருவங்களைச் செய்தார். பயற்றின் அளவேயான கரு மேசைமேல் வைத்துப் பார்க்கும் சிலையாயிற்று. அவருடைய நூல் 1880 முதல் 1885 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அவர் மாணவரான பிராங்க்ளின் மால், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1914-ஆம் ஆண்டில் கருவியலுக்கெனத் தனித்துறை நிறுவினார். அங்குத் திரண்ட தொகுப்பின் துணையால், முதல் எட்டு வாரங்களின் வளர்ச்சி 23 படிநிலைகளாக வகுக்கப்பட்டது.

முகம் கூடும் முறை

இவர்கள் கண்ட காட்சி இதுவாகும். கருவுற்ற நான்காம் வாரத்தில் முகம் என்று ஒன்று இல்லை. வருங்கால வாயைச் சுற்றி ஐந்து மேடுகள் மட்டுமே உள்ளன: மேலே நெற்றிமேடு ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மேற்றாடை மேடுகள் இரண்டு, கீழ்த்தாடை மேடுகள் இரண்டு. கீழ்மேடுகள் கூடி மோவாயும் கீழுதடும் ஆகின்றன. நெற்றிமேட்டில் மூக்குக் குழிகள் தோன்ற, அவற்றின் உட்புறத்துப் பகுதிகள் நடுவே வந்து சேர்கின்றன. இருபுறமும் மேற்றாடை மேடுகள் வளர்ந்து அவற்றைத் தொடும்போது மேலுதடு முழுமையடைகிறது. ஏழாம் வாரம் முடிவதற்குள் இது நிறைவேறிவிடும்.

அண்ணத்தின் கதை இன்னும் வியப்புக்குரியது. அப்போது வாயும் மூக்கும் ஒரே அறையாக இருக்கின்றன. நாவின் இருபுறமும் இரண்டு தட்டுகள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. நா கீழே இறங்க, அவை மேலெழுந்து கிடைமட்டமாகி, நடுவிற் சந்தித்து ஒட்டுகின்றன. பன்னிரண்டாம் வாரத்துக்குள் இவ்வேலை முடிகிறது. தட்டுகள் எழத் தாமதித்தாலும், எழுந்தும் ஒன்றையொன்று எட்டாவிடினும், அண்ணத்திற் பிளவு நின்றுவிடும்.

நம்பப்படாத பெண்மணி

இம்மேடுகளை நிரப்பும் அணுக்கள் எங்கிருந்து வருகின்றன? எலும்பும் குருத்தெலும்பும் கருவின் நடு அடுக்கிலிருந்தே வரும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் உறுதியான கோட்பாடு. 1893-ஆம் ஆண்டில் ஜூலியா பிளாட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, நீர்வாழ் சாலமாண்டர் இனம் ஒன்றன் கருவை ஆராய்ந்து, தலையின் குருத்தெலும்புகள் புற அடுக்கிலிருந்து வருவதாக எழுதினார். பேரறிஞர் பலர் அதனை மறுத்தனர். 1898-இல் ஜெர்மனியில் டாக்டர் பட்டம் பெற்றும், அவருக்குத் தக்க பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. ஆராய்ச்சியை விட்டு கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் என்னும் ஊரில் குடியேறிய அவர், 1931-இல் தம் 74-ஆம் வயதில் அவ்வூர் நகரத் தலைவராகவும் ஆனார்.

அவர் கூற்றே மெய் என்பதைப் பின்னையோர் நிறுவினர். சுவீடன் நாட்டு ஹோர்ஸ்டாடியஸ் முதலியோர் 1940-களில் சான்று தந்தனர். 1969-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு நிக்கோல் லெ துவாரின் அம்மையார், காடையின் அணுக்களை நுண்ணோக்கியில் கோழியின் அணுக்களிலிருந்து பிரித்தறியலாம் என்று கண்டார். காடைக் கருவின் நரம்பு முகட்டிலிருந்து, அதாவது வருங்கால மூளை, தண்டுவடங்களின் விளிம்பிலிருந்து, அணுக்களை எடுத்துக் கோழிக்கருவில் நட்டபோது, அவை பயணம் செய்து முக எலும்புகளாக மாறியது தெளிவாயிற்று. 2003-ஆம் ஆண்டில் வேறிருவர் வாத்தின் அத்தகைய அணுக்களைக் காடைக்கருவில் வைத்தனர். காடைக்கு வாத்தின் அலகு போன்ற அலகு வளர்ந்தது.

பழி நீங்கிய தாய்

பிளவு ஏன் நேர்கிறது என்னும் வினாவுக்கும் விடை மெல்லமெல்லக் கிடைத்தது. 1940-இல் வார்கனி என்பார், ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமின் இல்லாத உணவைத் தாய் எலிகளுக்கு அளித்தபோது குட்டிகளுக்குத் தாடைக் குறையும் அண்ணப் பிளவும் ஏற்பட்டதைக் கண்டார். 1942-இல் டென்மார்க்கு மருத்துவர் ஃபொக்-ஆண்டர்சன், குடும்ப வரலாறுகளைத் திரட்டி, உதட்டுப் பிளவும் தனித்த அண்ணப் பிளவும் மரபால் வெவ்வேறானவை என்று காட்டினார். கனடா நாட்டு ஃபிரேசர் குழுவினர் 1950-களில் கர்ப்பமுற்ற சுண்டெலிகளுக்குக் கார்டிசோன் மருந்து கொடுத்தனர். ஓர் இனத்தில் அனைத்துக் குட்டிகளுக்கும், மற்றோர் இனத்தில் சிறு பங்குக்கே அண்ணம் பிளந்தது. மரபும் சூழலும் சேர்ந்தே இதனை விளைவிக்கின்றன என்பது அதனால் விளங்கிற்று. இதற்குத் தொடர்புடைய ஜீன்களும் ஒவ்வொன்றாக அறியப்பட்டு வருகின்றன.

உலகில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்றில் இப்பிளவு காணப்படுகிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமற் போவதும் உண்டு. புகையிலைப் புகையும், வலிப்பு நோய்க்குரிய சில மருந்துகளும் இடரை மிகுவிக்கின்றன. ஆயினும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துதல் தகாது. கிரகணமோ எந்நாட்டாய்விலும் காரணமாகக் காணப்படவில்லை. ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணம், ஏழாம் வாரத்திலேயே கூடி முடிய வேண்டிய உதட்டை எங்ஙனம் பிளக்கும்? காலக்கணக்கே அக்கதையைப் பொய்யாக்குகிறது.

குழந்தைக்கு வேண்டுவது பரிகாரம் அன்று, சிகிச்சை. உதட்டை முதலாண்டுக்குள்ளும் அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் அறுவையால் சீர்செய்வது வழக்கம். அண்ணம் மூடாத குழந்தை ‘அம்மா’ என்று சொல்லிவிடும்; மெல்லெழுத்துக்கு மூக்கின் வழி காற்றுச் செல்வது இயல்பே. ‘அப்பா’ என்றால்தான் வல்லெழுத்துக்குரிய காற்று வாயில் நில்லாது மூக்கின் வழி கசிந்து, பகரமும் மகரம்போல் ஒலிக்கும்.

நான் முன்பு கூறிய சிறுவனுக்கு இரண்டு அறுவைகளும் பேச்சுப் பயிற்சியும் நடந்தன. இன்று அவன் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து, ககரத்தையும் பகரத்தையும் உரக்கச் சொல்கிறான். அவன் தாய் வகுப்பு முடியும்வரை வாயிலில் நின்று கேட்கிறாள். அடுத்த முறை நம்மிடையே இத்தகைய குழந்தை பிறக்குமாயின், அன்னையிடம் கிரகணத்தைப் பற்றிக் கேளாதிருப்போம். மருத்துவமனைக்கு உடன் செல்வோம்.