தருமி ஸ்டிக்கர் தெரியும்... முழுப் படம் பார்த்திருக்கீங்களா? பழைய சாமி படங்கள் இன்னும் அழவைப்பது ஏன்?

மாசக் கடைசியில் பர்ஸ் காலியா? உடனே வாட்ஸ்அப்பில் தருமி ஸ்டிக்கர் பறக்கும். இன்க்ரிமென்ட் வரலையா? அதுக்கும் நாகேஷ்தான். ஆனால், அந்த ‘திருவிளையாடல்’ படத்தை ஒரு தடவையாவது முழுசா உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?

1965-ல் வந்த படம். 2012-ல் டிஜிட்டலில் மெருகேற்றி மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். பண்டிகை நாளில் டி.வி-யில் ஓடினால், தாத்தா பாட்டி கையிலிருந்து ரிமோட்டை வாங்கவே முடியாது. கோயில் பக்கமே போகாதவங்களும் ஏதோ ஒரு காட்சியில் கண்ணைத் துடைச்சுக்குவாங்க. அப்படி என்னதான் இருக்கு அதில்?

யார் இந்த ஏ.பி.என்?

இயக்குநர் ஏ.பி.நாகராஜன், டி.கே.எஸ் சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவர். பெண் வேடம் கட்டி நடித்தவர். அதனால்தான் அவர் படங்களில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசிக்கிட்டா போதும், தீப்பொறி பறக்கும்.

‘திருவிளையாடல்’, ‘சரஸ்வதி சபதம்’, ‘கந்தன் கருணை’, ‘திருவருட்செல்வர்’, ‘திருமால் பெருமை’... 1965-லிருந்து 1968-க்குள் வரிசையாக வந்தவை. ஐந்திலும் சிவாஜி உண்டு.

அந்தக் காலகட்டத்தையும் கவனிங்க. பகுத்தறிவுப் பிரசாரம் உச்சத்தில் இருந்தது. 1967-ல் தி.மு.க ஆட்சிக்கே வந்தது. கலைஞரின் வசனத்தில் 1952-ல் ‘பராசக்தி’ பேசிய அதே சிவாஜிதான் இங்கே சிவபெருமான். மக்கள் அதையும் கைதட்டிப் பார்த்தாங்க, இதையும் கைதட்டிப் பார்த்தாங்க.

அழவைப்பது எது?

தருமியை எடுத்துக்கோங்க. ஆயிரம் பொற்காசு பரிசு கிடைச்சா கஷ்டம் தீரும்னு நம்பி அரண்மனைக்குப் போறார். சபையில் அவமானப்பட்டு, கோயிலுக்குத் திரும்பி வந்து தனியாகப் புலம்புறார். இன்டர்வியூவில் ரிஜெக்ட் ஆகி பஸ்ஸில் வீடு திரும்பியிருக்கீங்களா? அதே வலிதான்.

நக்கீரர் வேடத்தில் ஏ.பி.என்னே நடித்தார். எதிரே நிற்பது சிவன்னு தெரிஞ்ச பிறகும், தப்பைத் தப்புன்னு சொல்றவர் அவர். மேலதிகாரி முன்னாடி வாயை மூடிக்கிட்டு வந்த நாளில் அந்தக் காட்சியைப் பாருங்க, வேற மாதிரி இருக்கும்.

அடுத்து, பெரியபுராணத்தில் வரும் அப்பூதியடிகள் கதை. ‘திருவருட்செல்வர்’ படத்திலும் இது உண்டு. சாப்பிட வந்திருப்பவர் திருநாவுக்கரசர். வாழையிலை அறுக்கப் போன மகன் பாம்பு கடித்து இறந்துபோறான். விருந்தாளியின் சாப்பாடு தடைபடக் கூடாதுன்னு பெற்றவர்கள் அதை மறைக்கிறாங்க. உள்ளே துக்கத்தை வெச்சுக்கிட்டு, வெளியே சிரிச்ச முகத்தோடு பரிமாறுற அம்மாவை நாமும் பார்த்திருக்கோம்தானே?

கடைசியில் நாவுக்கரசர் பாட, பையன் எழுந்து வர்றான். நம்ம வீட்டில் போனவங்க யாரும் அப்படித் திரும்பி வரலை. பாட்டி அந்த இடத்தில் அழுவது பக்தியால் மட்டும்தானான்னு யோசிச்சுப் பாருங்க. வாழ்க்கையில் கிடைக்காத பதில், படத்தில் ரெண்டு நிமிஷம் கிடைக்குது. இந்தப் படங்கள் நிலைச்சு நிற்க அதுதான் காரணம்.

கேள்வி கேட்டுக்கிட்டும் பார்க்கலாம்!

எல்லாத்தையும் அப்படியே ஏத்துக்கணும்னு இல்லை. கணவன் பேச்சை மீறி அப்பாவின் யாகத்துக்குப் போனதற்காகச் சக்தி தண்டிக்கப்படும் காட்சி இன்னைக்கு உறுத்தும். உறுத்தட்டும். வீட்டில் அதைப் பற்றிப் பேசுங்க. சாமியையே கேள்வி கேட்ட நக்கீரர் இருக்கும் படம்தானே அது!

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

* திருவிளையாடல் (1965): நான்கு தனித்தனிக் கதைகள். தவணை முறையிலும் பார்க்கலாம். டி.எஸ்.பாலையாவின் ஹேமநாத பாகவதரைத் தவறவிடாதீங்க.

* சரஸ்வதி சபதம் (1966): கல்வியா, செல்வமா, வீரமா எனத் தேவியர் மூவருக்குள் போட்டி. இன்றைய கரியர் குழப்பத்துக்கும் பொருந்தும்.

* திருவருட்செல்வர் (1967): நாற்பது வயதைத் தொடாத சிவாஜி, முதிய நாவுக்கரசராகவே மாறியிருப்பார். காஞ்சி மகா பெரியவரை மனதில் வைத்தே அந்தத் தோற்றத்தை அமைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். மொபைலில் தனியாகப் பார்க்காதீங்க. டி.வி-யில் போட்டு, வீட்டுப் பெரியவங்களைப் பக்கத்தில் உட்காரவைங்க. அவங்க கண் கலங்கும் இடத்தில், “இதை முதல்ல யார்கூடப் பார்த்தீங்க?” என்று மட்டும் கேளுங்க. படத்தைவிட நல்ல கதை ஒண்ணு கிடைக்கலாம்.